வாயைத் திறந்து காட்டிய குடும்பம்

அந்தக் காலத்தில் மீன்கொத்திகளுக்குத் தனித்தனிக் கரை கிடையாது. பெரியது, சிறியது, நீலம், பழுப்பு, கருப்புவெள்ளை என்று அத்தனையும் ஒரே ஆற்றின் ஒரே மேட்டில் சொந்தபந்தமாகக் குடியிருந்தன. பறவைகள் பேசின. பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. விசேஷத்துக்கு முறையாக அழைக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. உருவம் பார்த்துச் சம்பந்தம் செய்கிற வழக்கம் மட்டும் இல்லை. அதனால்தான் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற நீலாண்டியின் அக்காள் மருதாயி, தம்பியைப்போல நாலு மடங்கு பெரியவனான கொக்கரையனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். யாருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை.

இன்றைக்கு ஆஸ்திரேலியாவில் குக்கபரா என்று ஒரு பறவை இருக்கிறது. பழுப்பு உடம்பு, பெரிய தலை, தடித்த அலகு. மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டு மனிதர்களைப்போல உரக்கச் சிரிக்கும். அந்தக் குலத்துக்கு மூத்தவன்தான் இந்தக் கொக்கரையன். அப்போது அவன் சிரிக்கிற ஆளே இல்லை. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற ஆள்.

மேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மீனை விழுங்குகிற பறவை தலைப்பக்கமாகத்தான் விழுங்கும். வால்பக்கமாக விழுங்கினால் செதிலும் முள்ளும் தொண்டையைக் கிழித்துவிடும். ஆகவே ஒருவன் தான் தின்னப்போகிற மீனைப் பிடித்திருந்தால் வால் வெளியே தெரியும். அடுத்தவருக்குக் கொடுக்கப்போகிறான் என்றால் தலையை வெளியே வைத்துப் பிடித்திருப்பான், வாங்குகிறவர் அப்படியே விழுங்க வசதியாக. தலை வெளியே தெரிய மீன் கொண்டு போகிறவனை வழிமறித்து “யாருக்கு?” என்று கேட்கக் கூடாது. கொண்டு போகிறவனும் யாருக்கு என்று சொல்லக் கூடாது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதைவிடக் கேவலம் அவர்களிடம் வேறு இருக்கவில்லை. நல்ல வழக்கம்தான். நல்ல வழக்கங்களுக்குள்தான் பெரிய சங்கடங்கள் ஒளிந்துகொண்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு வருஷம் கோடை வழக்கத்தைவிட முன்னால் வந்தது. ஆறு வற்றி, மணல் வெளியே வந்து, மேட்டுக்குக் கீழே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் தங்கியது. அந்தச் சமயம் பார்த்துத்தான் மருதாயி கரைச் சரிவில் தோண்டிய வளைக்குள் நாலு குஞ்சுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் மேட்டில் குஞ்சு பொரித்த வளை அது ஒன்றுதான். பஞ்சத்தில் பொரித்த குஞ்சுகளை மேடு முழுவதும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் கூடி ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் பிடிக்கிற முதல் மீன் மருதாயியின் வளைக்கு. அதற்குப் பிறகுதான் தங்கள் வயிற்றுக்கு.

மற்றவர்கள் கொண்டுவந்தார்கள். குஞ்சுகளைப் பெற்ற தகப்பனுக்குத்தான் மீன் கிடைக்கவில்லை.

கொக்கரையனின் உடம்பு அப்படி. ஆற்றில் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடியபோது அவனும் பாய்ந்து எதையாவது கவ்விக்கொண்டு வருவான். முழங்கால் தண்ணீரில் அவன் பாய்ந்தால் மீன் எல்லாம் அவன் நிழலைப் பார்த்தே ஓடிவிடும், அவன் அலகு சேற்றில் குத்தும். நாலு நாள் சேற்றைத் தின்றான். ஐந்தாவது நாள் பசி தாங்காமல் மேட்டுக்குப் பின்னால் இருந்த முள்காட்டுக்குள் போய் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரு ஓணானைப் பிடித்துத் தின்றான்.

இது சின்ன விஷயம் இல்லை. மீன்கொத்திச் சாதியில் ஓணான் தின்னி என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அவன் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். கொக்கரையன் அலகை மணலில் நாலு தரம் தேய்த்துக்கொண்டு, மடுவில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் மேட்டுக்குத் திரும்பினான். மருதாயியிடம் கூட மூச்சு விடவில்லை. நாளைக்குக் கிடைத்துவிடும், நாளைக்குக் கிடைத்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

அடுத்த நாள் காலையில் அவன் வழக்கமாக உட்காருகிற மருத மரத்துக்கு வந்தபோது கிளைக் கவட்டையில் ஒரு கெண்டை மீன் இருந்தது. கிளையில் அடித்து, செதில் தளர்த்தி, பக்குவமாக வைத்த மீன்.

கொக்கரையன் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், மேலே பார்த்தான். யாரும் இல்லை. எடுத்துத் தலையை வெளியே வைத்துப் பிடித்துக்கொண்டு வளைக்குப் பறந்தான்.

“இன்னிக்கு வெரசாவே கெடச்சிருச்சு போல,” என்றாள் மருதாயி.

“ம்,” என்றான் கொக்கரையன்.

மறுநாளும் கவட்டையில் மீன் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. முதல் நாள் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் சந்தேகம் வந்தது. ‘யாரோ இதை இங்கே ஒளித்து வைக்கிறான். ஒளித்து வைக்கிறான் என்றால் அது வளைக்குப் போகவேண்டிய மீன். வளைக்குப் போகவேண்டியதை ஒளிக்கிறவன் திருடன். திருடனிடமிருந்து எடுத்து வளைக்கே கொண்டுபோய்க் கொடுப்பது தப்பாகுமா?’ இப்படி யோசித்ததும் கூச்சம் போய்விட்டது. தன்னிடம் மறைக்க ஒன்று இருக்கிறவனுக்கு ஊரெல்லாம் மறைப்பதாகத் தோன்றுவது இயல்பு. கொக்கரையனை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன்.

இதற்கிடையில் குஞ்சுகள் இளைத்தன. மடு சுருங்கச் சுருங்க மீன் குறைந்தது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த மாதிரி எளிமையான காரணத்தை ஏற்றுக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. முதலில் வாயைத் திறந்தவள் கொக்கரையனின் அக்காள் வெள்ளச்சி. வெள்ளை மார்பும் சிவந்த அலகுமாக இருப்பாள். அந்த அலகு சும்மா இருந்து நான் கேள்விப்பட்டதில்லை.

“எட்டுப் பேரு மீன் கொண்டாராங்க,” என்றாள் தம்பியிடம். “குஞ்சுக நாலு. அதுக இப்படி எலும்பா இருக்கணும்னா மீன் எங்கடா போகுது?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“நான் யாரையும் சொல்லல. ஆனா உன் மச்சினன் இருக்கானே, அவன் ஒரு நாளைக்கு எத்தன தடவ தண்ணியில பாயுறான்னு பாத்திருக்கியா? பாயுறதென்னமோ நாலஞ்சு தடவ. வளைக்கு வர்றது ஒரு தடவ. மிச்சம்?”

“தின்னிருப்பான்.”

“தின்னவன் மூஞ்சியா அது? நம்ம குஞ்சைவிட எளச்சுக் கெடக்கான்.” வெள்ளச்சி குரலைத் தாழ்த்தினாள். “வேற எங்கயோ குடும்பம் இருக்கோ என்னமோ. நான் யாரையும் சொல்லல.”

யாரையும் சொல்லாமலேயே அவள் நான்கு பேரிடம் இதைச் சொல்லிவிட்டுப் போனாள். சாயந்திரத்துக்குள் மேட்டில் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வை மாறியது. மீன் கொண்டு வருகிறவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான், எவ்வளவு நேரம் கழித்து வருகிறான், அலகைத் துடைத்தானா, ஏன் துடைத்தான் என்று கவனித்தார்கள். கவனிக்கிற நேரத்தில் மீன் பிடிக்க முடியாது அல்லவா? வளைக்கு வருகிற மீன் இன்னும் குறைந்தது. குறைந்ததைப் பார்த்துச் சந்தேகம் இன்னும் கூடியது.

கொக்கரையன் மேட்டில் பெரிய உடம்புக்காரன். குஞ்சுகளின் தகப்பன் வேறு. ஆகவே அவனே முன்னால் நின்று ஏற்பாடு செய்தான். கருப்புவெள்ளைக்காரனான புள்ளியப்பனைக் கூப்பிட்டு, “நீ மடுவுக்கு மேல போய் நில்லு. கெளையில ஒக்காராத, ஒக்காந்தா எல நடுவுல ஒண்ணும் தெரியாது. அந்தரத்துல நின்னு யார் எங்க போறாங்கன்னு பாரு,” என்றான். புள்ளியப்பன் சொன்னதைச் செய்கிறவன். சொன்னதை மட்டும் செய்கிறவன். சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் ஆகாயத்தில் நிற்கப் பழகிக்கொண்டான். இன்றைக்கும் அவன் வம்சம் மீன் பிடிக்கும்போது அப்படித்தான் நிற்கிறது.

இரண்டாவது ஏற்பாடு வாயைத் திறப்பது. பொழுது விடிந்ததும் எல்லோரும் ஒரே கிளையில் வரிசையாக உட்கார வேண்டும். பொழுது சாயும்போதும் அப்படியே. உட்கார்ந்து வாயை அகலத் திறந்து உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். தொண்டையில் மீனை அடக்கி வைத்திருப்பவனால் சத்தம் போட முடியாது.

“வெறுமனே ஆன்னு திறந்தா பத்தாது,” என்றான் கொக்கரையன். “அடிவயித்துலேருந்து வரணும். ஹா, ஹா, ஹான்னு. நான் செய்யறேன் பாருங்க.”

அவன் செய்து காட்டினான். கரையே அதிர்ந்தது. அவன் குரல் அவ்வளவு நன்றாக வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தத் தொண்டையில்தான் எப்போதும் மீன் கிடையாதே.

முதல் நாள் எல்லோருக்கும் அவமானமாக இருந்தது. நாமெல்லாம் திருடர்களா என்று ஒரு கிழட்டு மீன்கொத்தி முணுமுணுத்தது. உடனே பக்கத்தில் இருந்தவர்கள் அதன் வாயைக் கூர்ந்து பார்த்தார்கள். முணுமுணுத்தது அடங்கிவிட்டது. நாலாம் நாள் யாரும் கேள்வி கேட்கவில்லை. விடிந்ததும் வந்து உட்கார்ந்தார்கள், வாயைப் பிளந்தார்கள், ஹா ஹா என்றார்கள், பக்கத்து வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். வளைக்குள் இருந்த குஞ்சுகள்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டு வாயைத் திறந்து அதேபோலக் கத்திப் பார்த்தன.

நீலாண்டிக்கு மட்டும் வரவில்லை. அவன் தொண்டை அவ்வளவுதான். எவ்வளவு முக்கினாலும் ‘ச்சீ’ என்று ஊசி முனை அளவுக்கு ஒரு சத்தம் வரும்.

“பாத்தியா,” என்றாள் வெள்ளச்சி.

கொக்கரையன் பார்த்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துப் புள்ளியப்பன் ஆகாயத்திலிருந்து இறங்கி வந்தான். “நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன்,” என்றான். “நீலாண்டி காலைல பிடிக்கிற மொத மீனை வளைக்குக் கொண்டு போறான். ரெண்டாவது மீனைத் தல வெளிய தெரியப் பிடிச்சுக்கிட்டு வளைப் பக்கம் போகாம மருத மரத்துக்குப் போறான். அங்க கவட்டையில வக்கிறான். வச்சிட்டு...”

“போதும்,” என்றான் கொக்கரையன்.

“இல்ல, வச்சிட்டு அவன்...”

“போதும்னேன்.”

புள்ளியப்பன் வாயை மூடிக்கொண்டு மறுபடி ஆகாயத்துக்குப் போனான்.

கொக்கரையனுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது போல இருந்தது. கவட்டையில் ஒளித்து வைக்கிற திருடன் நீலாண்டி. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். தாய்மாமன் என்கிற உறவுக்குள் நுழைந்துகொண்டு மருமக்களின் வாயில் விழவேண்டியதை எடுக்கிறான். தலையை வெளியே வைத்துப் பிடிப்பது எதற்கு? யாரும் வழிமறித்துக் கேட்கக் கூடாது என்பதற்கு. என்ன சாமர்த்தியம். தினமும் வைத்த மீன் தினமும் காணாமல் போகிறதே, அப்படியிருந்தும் அவன் ஏன் மறுபடி மறுபடி அதே கவட்டையில் கொண்டுவந்து வைக்கிறான் என்று கொக்கரையன் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். சந்தேகப்படுகிறவனுக்கு யோசிக்கத் தெரியாது என்று சொல்லமாட்டேன். நிறையவே யோசிப்பான். ஒரே பக்கமாக யோசிப்பான்.

மறுநாள் காலையில் எல்லோரும் கிளையில் உட்கார்ந்து வாயைத் திறந்து முடிக்கிற நேரத்துக்கு, அன்று வரிசைக்கு வராமலிருந்த நீலாண்டி மடுவிலிருந்து கிளம்பினான். அலகில் ஒரு கெண்டை. தலை வெளியே தெரிந்தது. மருத மரத்தை நோக்கித் திரும்பியவனைக் கொக்கரையன் குறுக்கே பறந்து மறித்தான். நீலாண்டி வேறு வழியில்லாமல் ஒரு காய்ந்த வேரின்மேல் இறங்கினான்.

“யாருக்கு?” என்றான் கொக்கரையன்.

கிளையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மேட்டில் அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

நீலாண்டி மீனைக் கீழே வைத்தான். மச்சானைப் பார்த்தான்.

“ஒன்னத்தான் கேக்கறேன். யாருக்கு?”

சத்தம் கேட்டு மருதாயி வளையின் வாய்க்கு வந்துவிட்டாள். அவள் காலடியில் மூன்று குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. நான்காவது உள்ளேயே கிடந்தது. அந்தக் கடைக்குட்டிக்குத் தலையைத் தூக்க இரண்டு நாளாகத் தெம்பில்லை.

“தம்பி,” என்றாள் மருதாயி. “யாருக்குன்னு சொல்லிருடா. சொன்னா முடிஞ்சு போச்சு.”

சொன்னால் என்ன ஆகும் என்பது நீலாண்டிக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்காரருக்கு மீன் பிடிக்க வரவில்லை, ஊரார் முன்னால் அவர் தலை குனியக்கூடாது என்று நான் பிடித்து வைக்கிறேன் என்று எட்டுப் பேர் கேட்கச் சொல்ல வேண்டும். அக்காள் புருஷனை அவன் கூட்டத்துக்கு நடுவிலேயே வைத்து அக்காளின் தம்பி கீழே இறக்குவதா? கொடுத்ததை வேறு சொல்லிக்காட்டுவதா? அந்த வீட்டில் அதற்குப் பிறகு அக்காள் எப்படித் தலை நிமிர்ந்து இருப்பாள்? பெண் கொடுத்த வீட்டார் எல்லாக் காலத்திலும் செய்கிற அதே தப்பை நீலாண்டியும் செய்தான். வாயை மூடிக்கொண்டான்.

“மச்சான்,” என்று மட்டும் சொன்னான். “வழிய விடுங்க மச்சான்.”

கொக்கரையன் குனிந்து மீனை எடுத்தான். எல்லோருக்கும் தெரியும்படி அதைத் திருப்பினான். தலை உள்ளே, வால் வெளியே. அப்படியே விழுங்கினான். கொடுப்பதற்கு வைத்த மீனைத் திருப்பித் தின்பது என்பது, கொடுத்தவன் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். அதையும் அந்த மேட்டில் அதற்கு முன்னால் யாரும் செய்ததில்லை.

“இப்ப வாயத் தொற,” என்றான். “எல்லாரும் செய்யற மாதிரி செய்.”

நீலாண்டி வாயைத் திறந்தான். ‘ச்சீ’ என்றது. கிளையில் இருந்தவர்கள் ஹா ஹா என்று கத்தினார்கள். அதுவரைக்கும் அது வாயைச் சோதிக்கிற சத்தமாக இருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலில் அது சிரிப்பாக இருந்தது. நீலாண்டி தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, நேராக, திரும்பிப் பார்க்காமல் ஆற்றின் மேற்பக்கம் பறந்து போனான்.

“பாத்தியா ஓடுறத,” என்றாள் வெள்ளச்சி.

மறுநாள் காலையில் கவட்டையில் மீன் இல்லை.

கொக்கரையன் அதை எதிர்பார்த்தே வந்திருந்தான். இனிமேல் நாமே பிடிப்போம் என்று மடுவில் பாய்ந்தான். சேறு. மறுபடி பாய்ந்தான். அலகின் நுனி கல்லில் பட்டு வலித்தது. வெயில் ஏறியது. வளையிலிருந்து குஞ்சுகள் கத்துவது கேட்டது. அவன் மருத மரத்துக்குத் திரும்பி வந்து, கவட்டையை இன்னொரு தரம் பார்த்தான். இல்லை.

மேலே புள்ளியப்பன் படபடத்துக்கொண்டு நின்றான். கொக்கரையன் அவனைக் கூப்பிட்டான்.

“நேத்திக்கு முந்தின நாளு என்னமோ சொல்ல வந்தியே. கவட்டையில வச்சிட்டு அவன் என்ன செஞ்சான்?”

“அதுவா,” என்றான் புள்ளியப்பன். “வச்சிட்டு நாணலுக்குள்ள போய் ஒக்காந்துக்குவான். நீங்க வந்து மீனை எடுத்துட்டு வளைக்குப் போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பான். நீங்க போனதுக்கு அப்புறந்தான் அவன் தனக்கு மீன் பிடிக்கப் போவான். அநேகமா அப்ப ஒண்ணும் கெடைக்காது. மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிருக்கும்.”

“இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?”

“நீங்கதான் போதும்னீங்க. அதோட...” புள்ளியப்பன் தயங்கினான். “தெனமும் நீங்களேதான எடுத்துட்டுப் போனீங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? ரெண்டு பேரும் கூட்டுன்னுதான் நான் நெனச்சேன். நேத்து நீங்க அவன மறிச்சப்பகூட, எங்க கண்ணக் கட்டுறதுக்கு ஆடுற நாடகம்னு நெனச்சேன்.”

கொக்கரையன் கிளையை விட்டு இறங்கினான். முள்காட்டுக்குள் போனான். ஒரு அரணையைப் பிடித்துக் கிளையில் அடித்து, தலையை வெளியே வைத்துப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில் எல்லோரும் பார்க்க மேட்டைக் கடந்து வளைக்கு வந்தான். வழியில் வெள்ளச்சி, “அட கெரகமே, அரணையா,” என்று சொன்னது காதில் விழுந்தது. அவன் நிற்கவில்லை.

மருதாயி அரணையையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். அவன் எதையும் மறைக்காமல் சொன்னான். சேற்றில் குத்தியது, ஓணான் தின்றது, கவட்டையில் எடுத்தது எல்லாவற்றையும் சொன்னான்.

“எந்தம்பி பிடிச்சத ஒங்க மீனுன்னு கொண்டாந்தீங்க,” என்றாள் அவள். “அப்புறம் அவனையே திருடன்னீங்க.”

“ஆமா.”

“எனக்கு மீன் கெடைக்கலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னங்க? அரணையே போதும்னு நான் சொல்லியிருப்பேனே. புள்ளைகளுக்கு மீன்னா என்ன, அரணைன்னா என்ன?”

மருதாயி அரணையைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு நீட்டினாள். மூன்று வாய்கள் உடனே திறந்தன. அவள் மிச்சத் துண்டைக் கடைக்குட்டியின் அலகோரம் வைத்தாள். தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். அந்த வாய் திறக்கவில்லை.

நேற்று அவன் திருப்பித் தின்ற அந்த ஒரு கெண்டை அந்தக் குஞ்சுக்கு வந்திருக்க வேண்டியது. அது பிழைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கொக்கரையனின் வயிற்றில்தான் அந்த மீன் இருந்தது, அது அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அவன் இன்னொரு அரணையைப் பிடித்து, தலை வெளியே தெரிய எடுத்துக்கொண்டு, ஆற்றின் மேற்பக்கம் போனான். நீலாண்டி தனியாக ஒரு செங்குத்தான கரையில் அலகால் மண்ணைக் குத்தி வளை தோண்டிக்கொண்டிருந்தான். மச்சானைப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்தினான். கொக்கரையன் அரணையை ஒரு கல்லின்மேல் வைத்தான்.

“ஒனக்குத்தான்,” என்றான்.

நீலாண்டி கிட்டே வரவில்லை. “எதுக்கு?” என்றான்.

“நான் செஞ்சது தப்பு நீலாண்டி. தெரியாமச் செஞ்சிட்டேன்.”

“அத யார்கிட்டேருந்து எடுத்தீங்க?”

“யார்கிட்டேருந்தும் இல்ல. நானே பிடிச்சது. சத்தியமா.”

நீலாண்டி அரணையைச் சுற்றி ஒரு பார்வை, கல்லுக்குப் பின்னால் ஒரு பார்வை, வந்த வழியில் யாராவது ஒளிந்து நிற்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தான். முன்பெல்லாம் அவனுக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது. அவன் மச்சான் கற்றுக்கொடுத்த பார்வை அது.

“அக்கா நல்லாயிருக்கட்டும்,” என்றான். “இந்தக் கரைக்கு இனிமே யாரும் வரவேணாம் மச்சான்.”

கொக்கரையன் போன பிறகும் அவன் அரணையைத் தொடவில்லை. எறும்புகள் வந்து கொண்டுபோயின.

மேட்டில் செய்தி தெரிந்துபோயிற்று. நீலாண்டி திருடன் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் இல்லை என்றால் வேறு யார் என்று பார்க்கத் தொடங்கினார்கள். கொக்கரையனா, அவனுக்கு உடந்தையாக இருந்த புள்ளியப்பனா, கோள் சொன்ன வெள்ளச்சியா? தண்ணீர் வற்றியதுதான் காரணம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொருவராக மேட்டை விட்டுக் கிளம்பி, அவரவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வேறு யாரும் வராத இடமாகப் பார்த்துக் கரை பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தால் விரட்டி அடிப்பது அதனால்தான். வெள்ளச்சி தண்ணீருக்கும் வயலுக்கும் நடுவே ஒரு கம்பத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் அவளும் வெட்டுக்கிளியும் ஓணானும் தின்னப் பழகினாள். அதைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் பேசியதில்லை.

கொக்கரையன் மருதாயியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெற்கே, தெற்கே, ஆறே இல்லாத வறண்ட காட்டுக்குப் போனான். மரப்பொந்தில் குடியேறினார்கள். அங்கே ஓணான் உண்டு, பாம்பு உண்டு, கேலி செய்ய ஆள் இல்லை. பிள்ளைகள் தேறி வளர்ந்தன. இறகு முளைத்தபோது அவற்றின் சிறகில் கொஞ்சம் நீலம் வந்தது. தாய்மாமன் வழி வந்த நீலம். கொக்கரையன் அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். மருதாயி மட்டும் அந்த இறகுகளை அலகால் கோதிக் கோதி விடுவாள்.

ஒரு நாள் விடியற்காலையில் மூத்தவன் கிளை நுனிக்குப் போய் வாயை அகலப் பிளந்து, ஹா, ஹா, ஹா என்று கத்தினான். மற்ற இரண்டும் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து கத்தின. கண் திறந்த நாளிலிருந்து வளைக்கு வெளியே அவை கேட்ட சத்தம் அதுதான். பொழுது விடிந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தன.

“நிறுத்துங்க,” என்றான் கொக்கரையன். “அது இங்க வேணாம்.”

“ஏம்ப்பா?”

ஏன் என்று அவனால் சொல்ல முடியவில்லை. சொன்னால் நாணலையும் கவட்டையையும் திறக்காத அந்த வாயையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். மூன்று பிள்ளைகளும் கத்துவதை நிறுத்திவிட்டு, மூடியிருந்த அவன் வாயையே உற்றுப் பார்த்தன. அந்தப் பார்வை அவனுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நடுப்பிள்ளை இன்னும் நெருங்கி வந்து, “உள்ள என்னப்பா வச்சிருக்க?” என்றது.

கொக்கரையன் வாயைத் திறந்தான். அடிவயிற்றிலிருந்து, காடே அதிரும்படி, உள்ளே ஒன்றும் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிகிற வரைக்கும் கத்தினான். மருதாயியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான் இது. குக்கபராக்கள் வளர்ந்த பிள்ளைகளைக்கூடத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே வைத்துக்கொண்டு, விடியும்போதும் பொழுது சாயும்போதும் ஒரே கிளையில் நெருங்கி உட்கார்ந்து, ஒருவர் மிச்சமில்லாமல் வாயைப் பிளந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கின்றன. தூரத்தில் நின்று கேட்கிறவர்கள், எவ்வளவு சந்தோஷமான குடும்பம் என்கிறார்கள்.